பட்டர் ஃப்ரூட்டும் காந்தாரி மிளகாயும்

மறையூர்ல பட்டர் ஃப்ரூட் வர ஆரம்பிச்சிருச்சு.
இங்க முக்காவாசிப் பேர் பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸாத்தான் குடிக்கிறோம். எனக்கு மனசே ஆறல.

மெக்சிகோக்காரங்க இதுல வெங்காயம், மிளகாய், உப்பு போட்டு மசிச்சுச் சாப்பிடுறாங்க. குவாக்கமோலே.
அதுக்கு வேண்டியதெல்லாம் நம்ம அடுப்படியிலயே இருக்கே!

சின்ன வெங்காயம், ரெண்டு காந்தாரி, கொத்தமல்லி, கல்லுப்பு.
புவிசார் குறியீடு வாங்குன காந்தளூர் வட்டவடைப் பூண்டுல ஒரு பல்லு.
எலுமிச்சை கண்டிப்பா பிழியணும், இல்லன்னா சீக்கிரம் கறுத்துரும்.
மிக்ஸி வேண்டவே வேண்டாம். மத்தால மசிங்க, அங்கங்க கட்டியா நிக்கணும்.
அவிச்ச கப்பையோட தொட்டுச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி!

பட்டர் ஃப்ரூட் மரத்துல கனியாது. காயாப் பறிச்சு, வாழைப்பழத்தோட பேப்பர்ல சுத்தி வச்சா சீக்கிரம் பழுக்கும்.

100 கிராம்ல கிட்டத்தட்ட 7 கிராம் நார்ச்சத்து. பொட்டாசியம் வாழைப்பழத்தை விட அதிகம். கொழுப்புல பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில இருக்குற அதே ஒலிக் அமிலம். இதுல போய் சர்க்கரையைக் கொட்டணுமா?
(கிட்னி பிரச்சினை இருக்கவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.)

தேயிலைக் கொழுந்து கிள்ளப் போற அக்காமார் தூக்குவாளியில இந்த மசியலும் ஒரு கரண்டி இருக்கணும்னு ஆசை.

உங்க வீட்ல யாராவது உப்பு போட்டுச் சாப்பிடுறீங்களா? எதோட?