செய்தீர்களா, செய்வித்தீர்களா?

பிரிட்ஜ் கெட்டுப் போயிற்று. கம்பெனி ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள்? "ஐ ரிப்பேர்ட் மை பிரிட்ஜ்" என்றுதானே? இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு இந்த நாலு வார்த்தையால் வாரண்டியே போக இருந்தது!

மாமா இருந்தவரை டெலிபோன் விவகாரமெல்லாம் அவர் பாடு. அவர் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரிட்ஜ் இரண்டாம் முறை மக்கர் செய்தது. போனை எடுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மாமி மேற்படி வாக்கியத்தைச் சொன்னாள். "நீங்களே திறந்தீர்களா? அப்படியானால் வாரண்டி செல்லாதே!" என்றது எதிர்முனை. ஸ்குரூ டிரைவரைக் கையால் தொட்டறியாத மாமி திகைத்துப் போனாள்.

நாம் "ரவிக்கை தைத்துக்கொண்டேன்" என்கிறோம். ஊசி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ்காரன் கேட்பான்! அவனிடம் "ஐ கட் மை ஹேர்" என்றால், கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரித்துக்கொண்டதாக அர்த்தம். "ஐ ஹாட் மை ஹேர் கட்" என்றால்தான் வேறொருவர் வெட்டியதாகும். "ஐ ஹாட் த பிரிட்ஜ் ரிப்பேர்ட்" என்பதும் அப்படியே. பேச்சில் 'ஹாட்'டுக்குப் பதில் 'காட்' போட்டாலும் சரி. பொருள் முன்னே, வினை பின்னே. நம் தமிழ் வரிசைதான், பயப்பட வேண்டாம்.

இந்த நியாயம் நமக்கும் தெரிந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ல் முடித்த ராஜராஜன், கல்வெட்டில் 'எடுத்த' என்று பொறிக்கவில்லை. 'எடுப்பிச்ச' என்றே பொறித்தான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே இருக்கிறது. சக்கரவர்த்தியே அப்படிச் சொல்லும்போது, நாம் சொன்னால் என்ன?

மாமி மறுபடி போன் செய்து, "ஐ ஹாட் இட் ரிப்பேர்ட் பை யுவர் மெக்கானிக்" என்றாள். பழைய புகார் எண்ணையும் சொன்னாள். அரை நிமிஷத்தில் விவகாரம் தீர்ந்தது.

பணம் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் இன்னும் பொல்லாதவை. 'எஸ்டிமேட்' என்பது உத்தேசக் கணக்கு, ஏறலாம். 'கொட்டேஷன்' என்றால் இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று ஒப்புக்கொண்டது. வருஷ ஒப்பந்தம் போடும்போது 'காம்ப்ரிஹென்சிவ்' என்ற நீளமான வார்த்தை காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் வந்து பார்க்கும் கூலி மட்டுமே அதில் அடக்கம். சாமானுக்குத் தனிக் காசு. இருந்தாலும், எந்தெந்த சாமான் சேர்த்தி இல்லை என்ற பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, "வாட் டைம் வில் ஹி கம்?" என்று கேளுங்கள். "செகண்ட் ஹாஃப்" என்று பதில் வரும். சினிமா இடைவேளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கு வைப்பதற்குள், ஏதோ ஒரு வேளை!