அழுவதற்கும் அதே ஐந்து சுரங்கள்



நம் ஆராதனைகளில் கிட்டார் வாசித்துவந்த தம்பி, வேலை கிடைத்துத் திருப்பூருக்குப் போய்விட்டதை அறிவீர்கள். போகுமுன் தன் பழைய கிட்டாரை என்னிடம் தந்து, "ஐயா, நீங்களே கத்துக்கோங்க, நான் போன்ல சொல்லித் தரேன்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் மாணவனாவதற்குக் கூச்சமாயிருந்தது. ஆனாலும் ஐப்பசி மழையில் கோத்தகிரிச் சாலை வெறிச்சோடிக் கிடந்த ஒரு சனிக்கிழமை இரவில் முதல் பாடத்தைத் தொடங்கினோம்.

"இடது கையால ஒண்ணும் அழுத்தாதீங்க. ஆறு தந்தியையும் ஒவ்வொண்ணா மீட்டுங்க" என்றார். ஈ, ஏ, டி, ஜி, பி, மீண்டும் மேல் ஸ்தாயியில் ஈ. ஆறு தந்திகளாயினும் சுரங்கள் ஐந்தே. ஜியை ஸட்ஜமாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் ஸ ரி க ப த, அதாவது நம் மோகன ராகம். மேல்நாட்டார் பென்டாடோனிக் என்று கூறும் ஐந்து சுர வரிசை இதுவே. ஐந்து சுரங்களால் ஆனதை நம் முன்னோர் 'திறம்' என்றனர். விரல் படுமுன்னரே கிட்டாருக்குள் ஒரு திறம் காத்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

இந்த வரிசையில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. அவை நீங்கினால் அரைச்சுர நெருக்கம் எங்கும் இராது. ஆகவே கற்றுக்குட்டி தவறாக மீட்டினாலும் காதை அதிகம் உறுத்துவதில்லை. தந்திக்கு இரண்டு சுரங்களாக ஆறு தந்திகளிலும் பன்னிரண்டு இடங்களைப் பழகினேன். குளிரில் இரும்புத் தந்தி விரல் நுனியை அறுத்தது. காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்கவில்லை. எனினும் மார்கழி பிறக்குமுன் 'அமேசிங் கிரேஸ்' பாடலை ஒருவாறு வாசித்துவிட்டேன். ஜான் நியூட்டன் எழுதி 1779இல் வெளிவந்த அப்பாடலுக்கு இன்று நாம் பாடும் மெட்டு 1835இல் அமைந்தது. அந்த மெட்டும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது.

பெருமிதத்தோடு அதை ஒரு வீட்டு ஜெபத்திற்குக் கொண்டுசென்றேன். அந்த வீட்டுத் தாயார் ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இம்மலைக்கு வந்து, இங்கும் கொழுந்தே பறித்தார். அவருடைய அக்காள் அங்கேயே நின்றுவிட்டார். அந்த அக்காள் இறந்த செய்தி முந்தின வாரம்தான் தொலைபேசியில் வந்திருந்தது.

நான் வாசித்து முடித்ததும் அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு ஐயா. சந்தோஷமா இருக்கு. ஆனா நான் அழுவுறதுக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் இல்லையா?"

என்னிடம் ஒன்றும் இல்லை. அவசரமாக ஜெபித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினேன். பிரியமானவர்களே, இது கிட்டாரில் மட்டும் நான் செய்த தவறன்று. எத்தனை துக்க வீடுகளில், கண்ணீர் விழுமுன்னே ஆறுதல் வசனத்தை நீட்டியிருக்கிறேன்!

அன்றிரவு தம்பியிடம் புதிய சுரங்கள் கேட்டேன். "புதுசா எதுவும் வேண்டாம் ஐயா. அதே அஞ்சுதான். ஜியில தொடங்கி ஜியில முடிக்கிறீங்கல்ல, இனி கீழ்த்தந்தி ஈயில தொடங்கி ஈக்கே வந்து நில்லுங்க" என்றார். அப்படியே செய்தேன். விரல்கள் அதே இடங்களில் இருந்தன, ஆனால் மோகனம் மறைந்து சுத்த தன்யாசி ஒலித்தது. ஆதார சுரத்தை மாற்றிப் புதிய பண்ணைப் பெறும் இம்முறையைக் கிரகபேதம் என்பர். பழந்தமிழர் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவ இசைமேதை ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில் பழந்தமிழர் பண்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு வாரம் பழகி மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றேன். பேசாமல், கீழ்த்தந்தியில் நின்று நின்று வாசித்தேன். தாயார் முகத்தை மூடி அழுதார். பிறகு பேசத் தொடங்கினார். கப்பலடியில் அக்காள் தன் சேலை முந்தானையில் முடிந்து கொடுத்த காசை, "அங்க நாங்க இந்தியாக்காரங்க, இங்க வந்தா சிலோன்காரங்க" என்ற வேதனையை, மறுபடி பார்க்காத முகத்தை. ஒரு மணி நேரத்துக்குமேல் நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. கடைசியில் அவரே கண்களைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்தப் பழைய பாட்ட வாசிங்க ஐயா" என்றார். ஈயிலிருந்து ஜிக்குத் திரும்பினேன். அவரும் மெல்லப் பாடினார்.

பெயர் சொல்லாமல் இதை எழுத அவர் அனுமதி தந்தார். 137ஆம் சங்கீதத்தில், நாடு கடத்தப்பட்டவர்கள் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய மண்ணில் பாட இயலாது கலங்குகிறார்கள். துதிக்கும் சங்கீதங்களைத் தந்த அதே வேதம் அந்தப் புலம்பலையும் பத்திரப்படுத்தியிருக்கிறது. தேவன் அதை அவசரப்படுத்தவில்லை. நாம் ஏன் அவசரப்படுத்துகிறோம்?

இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு துக்க வீட்டுக்குச் செல்லுங்கள். தேற்றும் சொற்கள் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நீங்கள் அறிந்த அன்பே போதும். அவர்கள் நிற்கும் இடத்தில் நீங்களும் சற்று நில்லுங்கள். துதிக்குத் திரும்பும் வேளையை அவர்களே சொல்வார்கள்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக. ஆமென்.