கற்பிக்கும் கணனியும் தோட்டத்துப் பிள்ளையும்

அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் வீதியில், களனி கங்கையின் கரையோரமாக அமைந்த ஊர் கித்துல்கல. கங்கையிற் படகு செலுத்த வரும் உல்லாசப் பயணிகள் இவ்வூரை நன்கறிவர். 1957 ஆம் ஆண்டு வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்துக்கென ஒரு பாலம் கட்டப்பட்டதும், படக்கருவியின் முன் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் இங்கேதான் என்பதைத் திரைப்பட இரசிகர்களும் அறிவர். ஆனால், வீதியை விட்டு மேலேறும் தோட்டப் பாதைகளின் முடிவில், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையேயுள்ள லயங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

அப்பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிற் பல்லாண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் அனுபவம், கணனியைக் கல்விக்குப் பயன்படுத்துவது பற்றிச் சிந்திப்போர்க்கு ஒரு பாடமாக அமையத்தக்கது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரங்கள் மூன்றும் ஒரே மண்டபத்தில் அவர் பொறுப்பில் இருந்தன. மழை பலமாகப் பெய்யத் தொடங்கினால் தகரக் கூரையின் ஓசையில் அவருடைய குரல் முன்வரிசைக்கு அப்பாற் செல்லாது. விடியுமுன் பால்வெட்டப் போன பெற்றோர் வீடு திரும்புமுன்னரே, தாமாக எழுந்து, தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு வந்து சேரும் பிள்ளைகள் பலர். இத்தகைய சூழ்நிலையில், நன்கொடையாகக் கிடைத்த சில கணனிகளும் கணிதப் பயிற்சி மென்பொருள் ஒன்றும் பாடசாலைக்கு வந்தபோது, தமக்கு ஓர் உதவியாசிரியர் கிடைத்துவிட்டதாகவே அவர் மகிழ்ந்தார். ஒவ்வொரு பிள்ளையின் தரத்துக்கும் ஏற்பத் தானே மாறிக் கற்பிக்கும் மென்பொருள் இது என்று அதனைக் கொண்டுவந்தோர் கூறியிருந்தனர்.

ஐந்தாம் தரத்துச் சிறுமி ஒருத்தி நாள்தோறும் ஆவலோடு அதன் முன் அமர்ந்தாள். புலமைப்பரிசிற் பரீட்சை அவ்வாண்டில் அவளுக்கு இருந்தது. ஒரு தவணை கழிந்தபின் அவள் கணனிக்கு அருகில் வருவதையே நிறுத்திக்கொண்டாள். காரணம் கேட்டபோது அவள் சொன்ன விடை ஆசிரியரைத் திடுக்கிட வைத்தது.

“சேர், அந்தப் பொட்டி என்னைய ஒண்ணாம் நெலையிலேயே வச்சிருக்கு. எனக்கு அவ்வளவுதான்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு போல.”

அன்று மாலை ஆசிரியர் அவளுடைய கணக்குகளை முதன்முறையாகக் கூர்ந்து நோக்கினார். 68 இலிருந்து 25 ஐக் கழித்து 43 எனச் சரியாக எழுதியிருந்தாள். 52 இலிருந்து 38 ஐக் கழித்தபோது 26 என்றும், 71 இலிருந்து 46 ஐக் கழித்தபோது 35 என்றும், 83 இலிருந்து 57 ஐக் கழித்தபோது 34 என்றும் எழுதியிருந்தாள். மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பிழைக்குறி இட்டு, உடனே எளிய கணக்கொன்றுக்கு அவளை இறக்கியிருந்தது. எளிய கணக்கை அவள் சரியாகச் செய்ததும் பாராட்டி மேலேற்றியது. மீண்டும் பிழை வந்தது, மீண்டும் இறக்கியது. ஒரு தவணை முழுவதும் இந்த ஏற்ற இறக்கமே நடந்திருந்தது.

அவளது பழைய அப்பியாசக் கொப்பிகளையும் அவர் தேடி எடுத்தார். அவற்றிலும் இதே விடைகள். அவற்றின் கீழே “கவனம் போதாது” என்ற குறிப்பு, அவருடைய கையெழுத்திலேயே, சிவப்பு மையில் இரண்டாண்டுகளாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அச்சிறுமி எந்த இடத்திலும் கவனம் தவறவில்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தை மிகுந்த கவனத்தோடு கழித்திருந்தாள். மறுநாள் அவளை அழைத்து எவ்வாறு செய்தாய் என்று வினவினார். “பெரிசுலயிருந்து தானே சேர் சின்னதக் கழிக்கணும்? மூணாம் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க” என்றாள். அவர் சொன்னது உண்மையே. எளிய கணக்குகளைத் தொடங்கும்போது எளிமைக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் அது. பிள்ளை அதனை ஒரு விதியாகக் கொண்டு, அதற்கு உண்மையாக நடந்துகொண்டிருந்தாள்.

இவ்வாசிரியர் பாடசாலை மண்டபத்திற் கண்டறிந்த இப்பிழை ஆய்வாளர்க்குப் புதியதன்று. அமெரிக்காவிற் ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பேட்டன் ஆகிய இருவரும் 1978 இல் வெளியிட்ட ஆய்வொன்று, சிறுவரின் கழித்தற் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவினால் எழுவன அல்ல என்றும், தவறான ஆனால் ஒழுங்கான ஒரு செய்முறையை அவர்கள் பின்பற்றுவதால் எழுவன என்றும் எடுத்துக்காட்டியது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் இப்பிழை அவர்கள் பட்டியலிட்டவற்றுள் மிகவும் பரிச்சயமானதொன்று. அவர்கள் அமைத்த கணனி நிரல் ஒரு மாணவனைப் போலத் தானே பிழைவிடும். அதன் விடைகளைப் பார்த்து, அது எத்தகைய தவறான விதியைப் பின்பற்றுகிறது என்பதை ஆசிரியப் பயிற்சி பெறுவோர் ஊகித்தறிய வேண்டும். பிள்ளையின் மனத்தை வாசிக்க ஆசிரியரைப் பழக்குவதே அதன் நோக்கமாக இருந்தது.

கற்பிக்கும் இயந்திரம் பற்றிய சிந்தனை இதற்கும் முற்பட்டது. உளவியலாளர் ஸ்கின்னர் 1950களில் தமது கற்பிக்கும் பொறியை முன்வைத்தார். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் விடை சரியா பிழையா என உடனே அறிவிப்பது அதன் முறை. 1960 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ எனும் கணனிவழிக் கற்பித்தல் முறைமை தொடங்கப்பட்டது. 1970 இல் கார்பொனெல் என்பார் தென்னமெரிக்கப் புவியியலைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ‘ஸ்கொலர்’ என்ற நிரலை விவரித்தார். மாணவனும் அதனை வினவலாம் என்பது அதன் சிறப்பு. பப்பேட் என்னும் அறிஞர் 1980 இல் வெளியிட்ட நூலில் வேறொரு வினாவை எழுப்பினார்: கணனி பிள்ளையை இயக்குவதா, பிள்ளை கணனியை இயக்குவதா என்பதே அது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, பிள்ளைக்கு ஏற்ப மாறுதல் என்ற ஒரே சொற்றொடரில் இரு வேறு பொருள்கள் அடங்கியிருப்பது தெளிவாகும். முதலாவது, பிள்ளை எத்தனை பிழை விட்டது என எண்ணி, அந்த எண்ணுக்கேற்பப் பாடத்தின் கடினத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். இரண்டாவது, பிள்ளை ஏன் அப்பிழையை விட்டது என ஆராய்ந்து, அக்காரணத்துக்கேற்ப விளக்கத்தை மாற்றுவது. முன்னையது அமைப்பதற்கு எளிது; மலிவானதும் கூட. பின்னையதற்குப் பாடத்தைப் பற்றிய அறிவும், பிழைகளைப் பற்றிய அறிவும், பிள்ளையைப் பற்றிய அறிவும் ஒருங்கே வேண்டும். கித்துல்கலவுக்கு வந்த மென்பொருள் முதல் வகையைச் சார்ந்தது. அதன் கணக்கில் அச்சிறுமி வெறும் ஒரு நிலை எண்ணாகவே இருந்தாள்.

முதல் வகை மாற்றத்தில் மறைந்திருக்கும் அபாயத்தை மலையகக் கல்வி வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்வர். 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் போகும் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்பதே அதன் உட்கிடை. அதுவும் ஒருவகையிற் பிள்ளைக்கேற்ற ஏற்பாடுதான்! 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. பெருந்தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தத்துக்கு உட்பட்ட காலத்திலிருந்தே அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பிள்ளையின் இன்றைய நிலையை அதன் எல்லையாகக் கொள்ளும் எந்த ஏற்பாடும், அது சட்டப் புத்தகத்தில் இருந்தாலென்ன, மின்திரையில் இருந்தாலென்ன, ஒரே தவற்றையே செய்கிறது. “எனக்கு அவ்வளவுதான்” என்று அச்சிறுமி சொன்ன சொல்லில் நூறாண்டு வரலாறு ஒன்று ஒலிக்கிறது.

ஆயினும் கணனியே வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. டில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2019 இல் வெளியாயிற்று. முரளீதரன், சிங், கனிமியன் ஆகிய மூவர் நிகழ்த்திய அவ்வாய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தமை தெரியவந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்புகளாக விரிந்திருந்தது. வகுப்பாசிரியர் பாடத்திட்டத்தின்படி முன்னே செல்லச் செல்ல, மாணவர் பின்னே நின்றுவிடுகின்றனர் என்பது இதன் பொருள். ஒவ்வொரு மாணவனும் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, அவனது பிழையின் வகையையும் கருத்திற்கொண்ட பயிற்சி, நாலரை மாத காலத்திற் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைத் தந்தது. பின்தங்கியோர் தமது முந்தைய வேகத்தோடு ஒப்பிடுகையிற் பெரும் பயன் பெற்றனர். அந்நிலையங்களிற் கணனிக்குச் செலவிட்ட நேரத்தின் அளவுக்குச் சிறு குழுக்களாக ஆசிரிய உதவியாளரோடு கற்கும் நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பாவனையாளருக்கு இலகுவாக இருத்தல் என்பதும் இவ்வாறே ஊர்தோறும் வேறுபடும் ஒரு பண்பு. அழகிய படங்களும் வண்ணங்களும் மட்டும் அதனைத் தந்துவிடா. தமிழ்ப் பிள்ளை ‘கொ’ என்ற எழுத்தைத் தாளில் எழுதும்போது முதலிற் கொம்பையும், பின்னர் ககரத்தையும், இறுதியில் அரவையும் இடுகிறது. ஒலிமுறையில் அமைந்த விசைப்பலகைகளோ முதலில் மெய்யையும் பின்னர் உயிரையும் எதிர்பார்க்கின்றன. இம்மாற்றத்தை விளக்காமற் பிள்ளையை அதன் முன் இருத்தினால், தான் கற்ற எழுத்தே தவறு என்று அது எண்ணக்கூடும். சொற்களிலும் இச்சிக்கல் உண்டு. தமிழ்நாட்டார் ‘கோப்பு’ என்பதை இலங்கையர் ‘கோவை’ என்பர். அங்கே ‘வகுப்பு’ எனப்படுவது இங்கே பாடநூலில் ‘தரம்’. கொழும்பிலோ சென்னையிலோ தமிழாக்கம் செய்யப்பட்ட ஒரு திரை, களனி கங்கைக் கரையில் உள்ள பிள்ளைக்கு மற்றொரு பிறமொழியாகத் தோன்றவும் கூடும்.

மின்சாரமும் இணையத் தொடர்பும் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்படும் முறைமைகளும் மலைப்புறங்களிற் பயனற்றுப் போகும். 2020 இலும் 2021 இலும் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மேட்டு நிலங்களுக்கு ஏறிச்சென்ற காட்சியை நாடு கண்டது. இணையம் இல்லாதபோதும் இயங்குதல், மின் தடைப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடருதல், மூன்று பிள்ளைகள் ஒரு கணனியைப் பகிர்ந்துகொள்ள இடமளித்தல் ஆகியனவே இப்பகுதிக்கு வேண்டிய இலகுத்தன்மையின் முதற் கூறுகள்.

இவை யாவற்றிலும் மேலானது ஒன்றுண்டு. கணனி பிள்ளையோடு மட்டும் பேசினாற் போதாது. ஆசிரியரோடும் பேச வேண்டும். இச்சிறுமி முதலாம் நிலையில் நிற்கிறாள் என்று அறிவிப்பதால் ஆசிரியருக்குப் பயனில்லை. இவள் ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள் என்று அறிவித்திருப்பின், ஒரு தவணை வீணாகியிராது. மூன்று தரங்களை ஒருங்கே நடத்தும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு கொப்பியையும் அவ்வாறு ஆராய்தல் அரிது. மனிதனால் இயலாத அந்தப் பொறுமையான ஒப்பீட்டைச் செய்வதிலேயே இயந்திரத்தின் பெருமை உள்ளது. கண்டறிந்ததைக் கொண்டு பிள்ளையின் அருகில் அமர்ந்து பேசுவது ஆசிரியரின் பணி.

அவ்வாசிரியர் செய்ததும் அதுவே. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 52 என்பதற்கு ஐந்து கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் அவள் முன் வைத்தார். எட்டு ஈர்க்குகளை எடுக்கச் சொன்னார். சிறிது நேரம் யோசித்த சிறுமி, ஒரு கட்டை அவிழ்க்கலாமா என்று தானே கேட்டாள். அவ்விரண்டாண்டுச் சிக்கலும் அந்த முடிச்சோடு அவிழ்ந்தது. கொப்பியில் இருந்த தமது பழைய குறிப்புகளின் மேல் ஆசிரியர் கோடிட்டு, “சொன்னது என் பிழை” என்று எழுதினார். அவள் மீண்டும் கணனியின் முன் சென்று அமர்ந்தாள். இம்முறை அது அவளை மேலேற்றுவதைத் தவிர வேறு வழியின்றிப் போயிற்று.

அதன்பின் அவர் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். அதில் புள்ளிகள் இல்லை. பிள்ளைகள் விட்ட பிழைகளும், அவற்றுக்கு அவர்கள் கூறிய காரணங்களும் அவர்களுடைய சொற்களிலேயே இடம்பெற்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கான கற்பித்தல் முறைமையை அமைக்க விரும்புவோர்க்கு இத்தகைய குறிப்பேடுகளே முதல் மூலதனம். பல்கலைக்கழகங்களிற் கணனி விஞ்ஞானம் பயிலும் மாணவரும், கல்வித்துறை விரிவுரையாளரும், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து அவற்றை வாசிக்கும் நாளிலேயே அப்பணி உண்மையாகத் தொடங்கும். கித்துல்கலவில் ஒருமுறை காட்சிக்காக ஒரு பாலம் கட்டப்பட்டது. பிள்ளைகள் கடந்து செல்வதற்கான பாலத்தை அக்கரையில் நின்றுகொண்டு கட்டிவிட முடியாது. அவர்கள் நிற்கும் கரையிலிருந்தே அதனைத் தொடங்க வேண்டும்.