600 கிலோ வண்டி

லீஸுக்கு எடுத்த மின்சார வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுக்கலாமா, இருப்பதையே லீஸ் முடியும்வரை ஓட்டலாமா என்று ஆறேழு பேரிடம் யோசனை கேட்டேன். ஆடிட்டரைக் கேட்டேன், டீலரைக் கேட்டேன், ஆம்பூர் பைபாஸ் டீக்கடையில் பக்கத்தில் நின்ற லாரிக்காரரைக்கூட விடவில்லை. எல்லாரும் அக்கறையாகத்தான் பதில் சொன்னார்கள். நான்தான் அத்தனை பேரிடமும் ஒரு தகவலை விழுங்கிவிட்டுக் கேட்டேன். அந்த வண்டி 600 கிலோ பாரத்துக்கானது. அதில் ஒரு டன்னுக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு தோல் ஏற்றுவது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் உள்ள இந்த ஊர்களில் ஒரு தோல் ஷூவாகி முடிவதற்குள் எத்தனை கேட்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சென்னை பெரியமேட்டிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்து இறங்கும். டேனரியில் சுண்ணாம்பில் ஊறி முடி போய், குரோம் ஏறி, வெளிர்நீலத்தில் வெட் புளூவாக வெளியே வரும். சொந்த மெஷின் இல்லாதவர்கள் அதைப் பிளக்கவும் சீவவும் ஜாப் ஒர்க்குக்கு வேறு இடம் அனுப்புவார்கள். அப்புறம் சாயம், காயப்போட்டுக் கிரஸ்ட், இன்னொரு இடத்தில் ஃபினிஷிங், கடைசியில் ஷூ கம்பெனி. பெரிய லாரிக்குக் கட்டுப்படியாகாத, ஆட்டோ தாங்காத இந்தச் சின்னச் சின்ன நடைகளில்தான் எங்களைப் போன்றவர்கள் சோறு தின்கிறோம்.

2023-இல் எனக்கு அந்த வண்டி வந்தது. நான் லோடு அடிக்கும் ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டு பிராண்டுகளிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்திருந்த நேரம்: தோல் எந்த டேனரியிலிருந்து வருகிறது, தண்ணீரை என்ன செய்கிறீர்கள், சரக்கு எந்த வண்டியில் போகிறது. மின்சார வண்டி வைத்திருந்தால் நடை நிச்சயம் என்றார்கள். சொந்தமாக வாங்கக் கை வரவில்லை. பேட்டரி செத்தால் என்ன செய்வது என்ற பயம். லீஸ் என்றால் டெபாசிட், மாத வாடகை, அதோடு சரி. வண்டி அவர்கள் பெயரில், ஓட்டம் நம் கையில். 2018 முதல் மின்சார சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. 90 ரூபாயைத் தாண்டிய டீசல் போட்டு ஓடுகிற என் பழைய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆனால், இதற்குக் கரண்ட் செலவு 2 ரூபாயைச் சுற்றித்தான் வந்தது. கேட்டவர்களிடம் சுற்றுச்சூழல் என்று சொன்னேன். ஆடிட் செய்ய வெள்ளைக்காரர்கள் வரும் நாளில் பச்சை நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி கேட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துவேன்; போட்டோவிலும் நின்றிருக்கிறேன்.

எடுக்கும்போது நினைத்ததில் குற்றமில்லை. ஷூவின் மேல்பாகமான தைத்த அப்பர், ஷூ அட்டைப்பெட்டி, அளவாக ஃபினிஷ்டு லெதர், இதற்கு மட்டும் என்றுதான் எடுத்தேன். அட்டைப்பெட்டி ஏற்றினால் பாடி முட்டினாலும் எடை ஏறாது. முதல் வருஷம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. சத்தமில்லை, புகையில்லை, ஆயில் மாற்றும் செலவில்லை.

அப்புறம் ஒரு நாள் டீசல் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பேரணாம்பட்டிலிருந்து வெட் புளூ எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாள்தானே என்று மின்சார வண்டியை அனுப்பினேன். வெட் புளூவில் பாதிக்கு மேல் தண்ணீர். பாடி அரைவாசிகூட நிறையாது, வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். போய் வந்ததும் கணக்குப் பார்த்தேன். டீசலில் போனதைவிட அந்த ஒரு நடையில் மிஞ்சியது கையில் தெரிந்தது. அதற்குப் பிறகு டீசல் வண்டி சரியாகி வந்தும் வெட் புளூ இதில்தான் போனது. கொஞ்ச நாளில் உப்புத் தோலும்.

டிரைவர் சொல்லாமல் இல்லை. “அண்ணா, இது இந்த லோடுக்கான வண்டி இல்லண்ணா” என்று ஆரம்பத்திலேயே சொன்னான். எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். சீட்டு கையில் இருந்தால்தானே சாட்சி. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000. மாட்டினால் ஸ்டியரிங்கில் இருப்பது அவன், லைசென்ஸ் அவனுடையது. “பிடிச்சா போன் போடு, பார்த்துக்கலாம்” என்பதுதான் நான் அவனுக்குக் கொடுத்த ஒரே பாதுகாப்பு. விபத்து என்று ஒன்று வந்திருந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது பாரத்தைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

மெதுவாகத் தூரம் குறைந்தது. காலையில் முழுச் சார்ஜில் கிளம்பினால் பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று சுற்றிவிட்டு மாலைவரை தாங்கிக்கொண்டிருந்த வண்டி, மதியமே பிளக்கைத் தேட ஆரம்பித்தது. பேட்டரி போச்சு, மின்சார வண்டி என்றாலே இப்படித்தான் என்று கடை கடையாகப் பேசினேன். வேலூர் வெயில் மேலும் பழி போட்டேன். மே மாதச் சூடு பேட்டரிக்கு ஆகாது என்பது உண்மைதான், ஆனால் அந்த வெயில் முதல் வருஷமும் அடித்தது. ஒரு நாள் டிரைவர் என்னைக் கூப்பிட்டு வண்டிக்கு அடியில் குனியச் சொன்னான். பின் ஸ்பிரிங் பிளேட் வளைவே இல்லாமல் பட்டையாக நின்றது. பாடிப் பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். உப்போடு சேர்ந்து துரு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. ஹைவோல்டேஜ் கேபிளின் ஆரஞ்சு உறையைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்று பாதி அரித்துப்போயிருந்தது. “பேட்டரி நல்லாத்தாண்ணா இருக்கு. அட்டைப்பெட்டி மட்டும் ஏத்தி ஒரு நாள் விடுங்க, பழைய கிலோமீட்டர் வரும்” என்றான். விட்டுப் பார்த்தோம். வந்தது, பெரும்பாலும்.

வண்டி கெட்டுப்போகவில்லை, நான்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் புது மாடல் எடுக்கலாமா என்று ஊரெல்லாம் கேட்டேனே, அதற்குத்தான் எனக்கு மன்னிப்பில்லை.

கேட்பதற்குச் சாக்கு நிறைய இருந்தது. இந்தச் சின்ன வண்டிச் சந்தை மூன்றே வருஷத்தில் தலைகீழாகிவிட்டது. 2022 மே மாதம் டாடா ஏஸ் ஈவி அறிமுகமானபோது 21.3 கிலோவாட்-அவர் பேட்டரி, 600 கிலோ பாரம், ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். 2024 மே மாதம் அதே 21.3 பேட்டரியோடு ஏஸ் ஈவி 1000 வந்தது. பாரம் ஒரு டன், தூரம் 161. அந்த அக்டோபரில் மஹிந்திரா ஜியோ, ஆரம்ப விலை 7.52 லட்சம். 2025 ஜூனில் ஏஸ் புரோவின் மின்சார மாடல் 6.50 லட்சத்துக்கு வந்தபோது பேட்டரி 14.4 ஆகச் சுருங்கியிருந்தது, பாரம் 750 கிலோ, தூரம் 155 என்றார்கள். இதெல்லாம் சோதனையில் எடுத்த தூரம். வாணியம்பாடி டோல்கேட் வெயிலில் நிற்கிற வண்டிக்குக் கிடைக்கும் தூரம் வேறு. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை போக 75 கிலோமீட்டருக்குப் பக்கம் ஆகும், போய்வர 150. காகிதத்தில் எல்லா வண்டியும் போய்த் திரும்பிவிடும். சாலையில் ராணிப்பேட்டையிலேயே பிளக் தேட வேண்டும்.

நேர்மையாகப் பார்த்தால் கணக்கு சிக்கலில்லை. புது வண்டி விலை இறங்க இறங்கப் பழையதன் மதிப்பும் சரிகிறது; லீஸில் அந்த நஷ்டம் ஓட்டுபவனுக்கு இல்லை, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு. அதனால்தான் பாதியில் திருப்பினால் தண்டம் போடுகிறார்கள். அந்தத் தண்டத்தை மிச்ச மாதங்களுக்கு வகுத்து, புது வாடகையோடு கூட்டி, அதற்கு மேல் புது வண்டி சம்பாதிக்குமா என்று பார்த்தால் போதும். அட்டைப்பெட்டியும் அப்பரும் ஏற்றுகிறவனுக்குச் சம்பாதிக்காது. போதாக்குறைக்கு 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு, ஷூ கம்பெனிகள் ஆர்டருக்குத் தவித்த நேரம். “லோடே இல்லாத நேரத்துல புது வண்டி எதுக்குங்க?” என்று என் மனைவி கேட்டதுதான் நான் கேட்டதிலேயே உருப்படியான யோசனை. அவளுக்கும் நான் பாரத்தைச் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு வேறு கணக்கு இருந்தது. லீஸ் முடிந்து வண்டியைத் திருப்பும்போது ஆள் வந்து அடிமுதல் நுனிவரை பார்ப்பார்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு மேல் இருந்தால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. புது மாடலுக்கு மாறுகிறவர்களிடம் அவ்வளவு கெடுபிடி இருக்காது, கழுவிக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் காதில் போட்டார். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். உப்பைக் கழுவி, துருவுக்கு மேல் கருப்புப் பெயின்ட் அடித்து, இன்னொருவன் தலையில் கட்டிவிடலாம். அடுத்து அதை யாரோ செகண்ட் ஹேண்டில் எடுத்து, அரித்த கிளிப்பும் வளைந்த பிளேட்டுமாக ஓட்டுவான்.

இதை நினைத்தவன் இந்த ஊர்க்காரன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மாசுபடுத்தியவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டுக்கே சட்டமானது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. பாலாற்றுக் கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே விவகாரத்தில் திரும்பவும் இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. டேனரிக்காரர்கள் கெடுத்துவிட்டு அடுத்தவன் தலையில் கட்டினார்கள் என்று திட்டித் திட்டியே வளர்ந்தவன் நான். என் வண்டி நெடுஞ்சாலை முழுக்கச் சொட்டிக்கொண்டு போனதும் அதே உப்பு. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பச்சை நம்பர் பிளேட்.

என்னை நிறுத்தியது இந்த ஞானம் இல்லை. அது பிறகு வந்தது. டீலர் ஒரு டன் மாடலுக்கு விலைப்பட்டியல் கொடுத்திருந்தார். ராத்திரி நோட்டில் ஒரு பக்கம் பழைய வண்டி, மறுபக்கம் புது வண்டி என்று எழுதினேன். வாடகை, கரண்ட், டிரைவர் சம்பளம். ஒரு நடைக்குப் பாரம் என்ற வரியில் புது வண்டிக்கு நேராக 1,500 என்று எழுதியிருந்தேன். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. ஒரு டன் வண்டி கைக்கு வருவதற்கு முன்பே அதற்கும் ஒன்றரை டன் ஏற்றிவிட்டேன். இன்னும் மூன்று வருஷம் கழித்து இதே நோட்டில் இதே கேள்வி வரும் என்று தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

வண்டியை மாற்றவில்லை. பிளேட் செட்டையும் கிளிப்புகளையும் அங்கீகரித்த சர்வீஸில் என் செலவில் மாற்றினேன். பாடிக்குக் கீழே அரித்ததைப் போட்டோ எடுத்து லீஸ்காரர்களுக்கு அனுப்பி, என்ன ஏற்றினேன் என்பதையும் எழுதினேன். கட்டணம் வரும் என்றார்கள், வந்தது. டெபாசிட்டிலிருந்து ஒரு பகுதி போகும். உப்புத் தோலை இப்போது அதில் ஏற்றுவதில்லை. வெட் புளூவுக்கு டிரைவர் ஒரு நிபந்தனை போட்டான்: எடைமேடைச் சீட்டு இல்லாமல் சாவியைத் திருப்பமாட்டேன் என்று. சரி என்றேன்.

போன வாரம் பேரணாம்பட்டு லோடுக்கு 780 என்று சீட்டு வந்தது. 180 கிலோவை இறக்கச் சொன்னான். பார்ட்டி காத்துக்கிட்டிருக்கார், இந்த ஒரு நடை மட்டும் போயிட்டு வா தம்பி என்றேன். முழு லோடையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான். மறுநாள் போன் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, சீட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு, இனி 600-க்கு மேல் வந்தால் நீங்களே ஓட்டிக்கோங்கண்ணா என்றான். சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். டீலர் நேற்றும் கூப்பிட்டார்.