எல்லைக் கோட்டின் இரு பக்கம்

காம்பார் நகரின் கிழக்கே புஜாங் மலாக்கா மலை நிமிர்ந்து நிற்கின்றது. 1880களில் ஈயம் தேடி வந்தோர் இம்மலையின் அடிவாரத்தில் நகரை எழுப்பினர். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. தமிழர் பால்வெட்ட வந்தனர். இவர்கள் அனைவர்க்கும் முன்னரே இம்மலைப் பகுதிகளில் வாழ்ந்து வந்தவர்கள் செமாய் மக்கள். தீபகற்ப மலேசியாவின் பதினெட்டுப் பூர்வகுடிப் பிரிவுகளுள் தொகையால் மிக்கவர்கள் இவர்களே. நகர் தோன்றிய நாள் முதல் அதற்கும் காட்டிற்கும் இடையே ஓர் எல்லை இருந்து வருகின்றது.

எல்லை என்றதும் வரலாறு கற்றோர் நெஞ்சில் உரோமைப் பேரரசு தோன்றும். ரைன், தன்யூப் ஆறுகளுக்கு இடையே ஏறத்தாழ 550 கிலோமீட்டர் நீளத்திற்கு உரோமர் வேலியும் காவற்கோபுரமும் அமைத்தனர். வேலிக்கு அப்பால் வாழ்ந்த பல குலத்தாரையும் ‘செர்மானியர்’ என ஒரே பெயரால் அழைத்தனர். அப்பெயர் அண்மையில் தோன்றியது என்பதை 98ஆம் ஆண்டளவில் அவர்களைப் பற்றி நூலெழுதிய உரோமர் டாசிட்டசே ஒப்புகின்றார். செர்மானியர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கவில்லை. எழுதுகோல் வேலிக்கு உட்புறத்தில் இருந்தவன் கையிலன்றோ இருந்தது!

செமாய் மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. வெளியார் அவர்களுக்கு இட்ட பெயர் ‘சக்காய்’. அடிமை, ஏவலாள் என்னும் இழிபொருள் அச்சொல்லில் உறைந்துள்ளது. தோட்டப்புறத் தமிழர் நாவிலும் அச்சொல் புழங்கியது. ‘கிளிங்’ என்று பிறர் தம்மை அழைத்தபோது மனம் புண்பட்டவர்கள் தமிழர்கள். அவர்களே மற்றொருவர்க்கு இட்ட பெயரின் கூர்மையை உணராமற் போனது விந்தையே. அம்மக்களின் மொழியில் ‘செனோய்’ என்றால் மனிதர் என்று பொருள்.

எல்லையில் பகை மட்டும் விளைவதில்லை. ரைன் ஆற்றைக் கடந்து மதுவும் வெண்கலக் கலமும் வடக்கே சென்றன. தோலும் அம்பரும் தெற்கே வந்தன. பேராக்கிலும் பிரம்பும் பிசினும் மலையிலிருந்து இறங்கின; உப்பும் இரும்பும் துணியும் மலையேறின. ஆனால் அதே வழியில் ஆள்பிடிப்போரும் ஏறினர். அடிமைமுறை 1880களின் முற்பகுதியில் பேராக்கில் ஒழிக்கப்படும் வரை மலைவாழ் குழந்தைகள் கவர்ந்து செல்லப்பட்டனர். அந்நியரைக் கண்டதும் காட்டினுள் மறையும் வழக்கத்தைக் கோழைமை என்பது தகுமா?

1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்காதிருக்கப் பூர்வகுடிகள் பலர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். மலைக்காற்றுக்குப் பழகிய உடல்கள் நோயால் வாடின, பலர் மாண்டனர். தவற்றை உணர்ந்த அரசு 1953 முதல் காட்டினுள்ளேயே கோட்டைகளை அமைத்து, அங்கு மருந்தும் கடைச்சரக்கும் வழங்கியது. 1956இல் ‘செனோய் பிராக்’ என்னும் பூர்வகுடிப் படை தோன்றியது. ‘போர் மனிதர்’ என்பது அதன் பொருள். வன்முறையை வெறுப்பவர்கள் என மானிடவியலார் போற்றிய இனத்தாரும் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர்.

உரோமரும் செர்மானியரைத் தம் துணைப்படையில் சேர்த்தவர்களே. அவ்வாறு பயின்ற அர்மினியசு 9ஆம் ஆண்டில் டியூட்டோபர்க் காட்டில் உரோமரின் மூன்று படையணிகளை அழித்தான். 376இல் அடைக்கலம் நாடித் தன்யூபைக் கடந்த கோத்தியரை உரோம அதிகாரிகள் பட்டினியிட்டு ஏய்த்தனர். இரண்டே ஆண்டுகளில் அத்ரியானோப்பிள் களத்தில் பேரரசரே மாண்டார். செனோய் பிராக் வீரரோ காத்த நாட்டுக்கு எதிராக வாளெடுக்கவில்லை. அமைதியாய் இருப்பவனுக்கு ஆற்றும் கடன் காலந்தாழ்த்தியே தீர்க்கப்படுகின்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளுக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. ஒதுக்கியதை மீட்கும் உரிமையையும் அரசிடமே வைத்தது. சிலாங்கூரின் தெமுவான் மக்கள் தொடுத்த வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்தம் மரபுவழி நில உரிமையை ஏற்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பிறந்து வளர்ந்த லயன் வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் தமிழர்கள். கையில் பத்திரம் இல்லாதவனுக்கும் மண்ணின்மேல் உரிமை உண்டு என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? காம்பார்ச் சந்தையில் பெத்தாய்க் காய் விற்கும் செமாய் மூதாட்டியை அவள் இனத்தின் பெயராலேயே குறிப்பிடுவது சிறு செயலே. ஆயினும் மலைக்கும் நகருக்கும் இடைப்பட்ட வேலி அங்கிருந்துதான் தளரத் தொடங்கும்.