சயாமுக்குப் போனவர்களுக்கு ஒரு கல்

என் ஊரான எளாவூரை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் சோதனைச்சாவடியாகத்தான் அறிவார்கள். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம், அதற்கப்பால் ஆந்திரம், அவ்வளவுதான். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி கிடக்கிறது. அதன் கரையிலுள்ள மீனவர்கள் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று 'பாடு' பிரித்து, முறை வைத்துத் தொழில் செய்கிறவர்கள். தண்ணீரில் போய்த் திரும்பாதவரின் உடல் கிடைத்தால் அடக்கம் உண்டு. கிடைக்காவிட்டால் வீட்டார் மனதில் மட்டும்தான் இடம்.

ஏரியின் தென்கோடியில் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கற்களில் குடும்பச் சின்னங்களும் மண்டையோடுகளும் அழகான எழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. ஏற்றியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஏற்றப்பட்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. முன்பு சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனபுரியில் டச்சுக்காரர்களின் இன்னொரு கல்லறையைப் பார்த்தபோது இந்த நினைப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ரயிலில் போனேன். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகிறார்கள். அவர்களில் 1,896 பேர் டச்சுக்காரர்கள், மற்றவர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலான நாடுகளின் வீரர்கள். சயாம் - பர்மா ரயில் பாதையை ஜப்பானிய இராணுவத்துக்காகப் போட்டு மடிந்த போர்க் கைதிகள் அவர்கள். அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுப் பட்டயம்தான். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பலருக்கு வயதும். இடையிடையே பூச்செடிகள். தோட்டக்காரர்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனமார வணங்கவேண்டிய பணி அது.

415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் பெரும் பங்கு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாமல் போனதும் தோட்டத்து எழுத்தர்களான கிராணிகளிடமும் மேற்பார்வையாளர்களான தண்டல்களிடமும் பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்கிப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து அப்படியே ரயிலேற்றியதும் நடந்தது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய இராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள், சாவுகளைக் குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர் கிடந்த கொட்டகைகளில் இரண்டுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். சேர்த்துப் புதைத்தார்கள், சேர்த்து எரித்தார்கள். 1990இல்கூடக் காஞ்சனபுரியில் ஒரு புதைகுழியிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

அந்த ரயில் பாதையின் குவாய் பாலத்தருகே 1944இல் ஜப்பானிய இராணுவமே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. அதன் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. சாகடித்தவர்கள் தமிழில் அஞ்சலி எழுதினார்கள். நம்மவர்கள் எழுத எண்பது ஆண்டுகள் பிடித்தன.

போர்க் கல்லறையை ஒட்டியே வாட் தவோன் வராராம் என்ற புத்த விகாரை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் இங்கேதான் ஒரு தூபியின் கீழ் சேர்த்து வைக்கப்பட்டன. அந்த வளாகத்தில் தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் கைகோத்து 2023 மே 1 அன்று ஒரு நடுகல்லைத் திறந்தார்கள். தொழிலாளர் நாளையே தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம். முன்னின்றது தாய்லாந்து தமிழ்ச் சங்கம். சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு, விடுமுறை நாளில் ஓடியாடியவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

நடுகல் என்ற வடிவத்தை அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு ஆழ்ந்த நிறைவு தந்தது. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் மாடு மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தியோடு, உடன் நின்ற நாய்க்கும் இடம் இருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்தார்கள். நாயின் பெயரையும் மறக்காத வழக்கத்தில் வந்தவர்கள், பல்லாயிரம் மனிதர்களைப் பெயரில்லாமல் விட்டுவிட்டோம்.

நான் போன நாளில் மலேசியாவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. கல்லுக்கு மாலை சாத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். சிலர் தரையைக் கூட்டி, காய்ந்த பூக்களை அள்ளிப்போட்டார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த ஒருவர், என்னைவிட மூத்தவர், என் ஊரைக் கேட்டார். எளாவூர் என்றதும், "அது எந்தப் பக்கம் தம்பி?" என்றார். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா என்றேன்.

"எங்க தாத்தாவும் செங்கல்பட்டு ஜில்லாதான்னு பாட்டி சொல்லும். எந்த ஊருன்னு தெரியாது. சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப எங்கப்பாவுக்கு ரெண்டு வயசு. பாட்டி கடைசி வரைக்கும் தாலியைக் கழட்டல."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மலேசியாவில் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக உயிர் மீண்டவர்களைத் தேடிப்போய் வாய்மொழியைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இந்தத் துயரத்தை வாசகர்களிடம் கொண்டுவந்தது. மீண்டவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் மிகச் சொற்பம். இனி பேரப்பிள்ளைகளின் நினைவுதான் ஆதாரம்.

குழுவில் வந்த ஒரு பெண் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்: போனவர் பெயர், எந்தத் தோட்டம், யார் யாரை விட்டுப் போனார், இந்தியாவில் எந்த ஊர். கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பக்கூடியவர்கள் வட ஆற்காட்டிலும் சேலத்திலும் திருச்சியிலும் செங்கல்பட்டிலும் இருக்கிறார்கள். கங்காணியோடு மலாயாவுக்குப் போய், 1942க்குப் பிறகு கடிதம் நின்றுபோன பெரியப்பாவோ சின்னத் தாத்தாவோ உங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தால், வீட்டில் மூத்தவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். கடல் தாண்டி அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.