சனிக்கிழமை டீலரிடம் போகும் முன்

நோவி, மிச்சிகன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வண்டிப் படங்கள் வந்தன. உங்கள் டெக்சாஸ் வெயிலுக்கு வெள்ளைதான் சரி, நீலத்துக்கு ஆசைப்படாதே. நிறத்தைப் பற்றி அவ்வளவுதான். மற்றதை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் நீ பாதியைப் படிக்காமல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

போன ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொன்னேனா? பள்ளிக்கூட நாள், வெளியே மைனஸ் பதினெட்டு. சமையலறையில் நின்றபடியே போனைத் தட்டி வண்டியை ஸ்டார்ட் செய்வது எங்களுக்கு மூன்று வருடப் பழக்கம். நான் டிபன் பாக்ஸ் கட்டி முடிப்பதற்குள் உள்ளே சூடாகிவிடும், கண்ணாடியில் உறைந்த பனியும் இளகிவிடும். அன்று தட்டினால், இலவசக் காலம் முடிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் கார்டு நம்பர் கொடுங்கள் என்று வருகிறது. உன் மாமா சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அடுத்த இருபது நிமிடம் அவர் பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது. எல்லாம் வண்டியோடு வருகிறது என்றுதான் விற்றவர் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று நாங்களும் கேட்கவில்லை.

கோபம் ஆறிய பிறகு யோசித்தால், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நான் இங்கே தட்டுவது இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து செல் டவருக்கு வந்து, வண்டிக்குள் இருக்கும் சிம்மில் சேர வேண்டும். அந்த சிம்முக்கு மாதாமாதம் யாராவது காசு கட்டியாக வேண்டும். ஆனால் 2021 டிசம்பரில் டொயோட்டா விஷயம் ஒன்று வெளியே வந்ததே, அதற்கு என்ன சொல்வாய்? 2018 முதல் வந்த பல மாடல்களில், கையில் இருக்கும் சாவியை அமுக்கி வண்டியை ஸ்டார்ட் செய்யும் வசதியையே சந்தாவோடு கட்டிவைத்திருந்தார்கள். மாதம் 8 டாலர், இல்லையென்றால் வருடம் 80. சாவியிலிருந்து வண்டிக்குப் போகிற சிக்னலுக்கு சர்வரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். வாசலிலிருந்து கராஜுக்குக் கூப்பிடுகிற தூரம். அதற்கு எதற்கு வாடகை?

பிஎம்டபிள்யூ இதைவிட ஒரு படி மேலே போனது. 2022இல் தென்கொரியாவில் சூடாகும் இருக்கைக்கு மாதம் சுமார் 18 டாலர் என்று விலை போட்டிருந்ததை யாரோ கவனித்துவிட்டார்கள், ஊரே சிரித்தது. பிரிட்டனில் 15 பவுண்டு. சூடாக்கும் கம்பி ஏற்கெனவே இருக்கைக்குள் இருக்கிறது, அதை இழுத்துக்கொண்டு போகிற பெட்ரோலும் நம்முடையது. காசு கட்டினால்தான் மின்சாரம் போகும். அடுத்த வருடமே கைவிட்டார்கள். யானையை விற்றவன் அங்குசத்தை மாத வாடகைக்குத் தருகிறான் என்றேன். உன் மாமாவோ தொழில்காரராயிற்றே, உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்: கம்பி வைத்தது, வைக்காதது என்று இரண்டு வகை இருக்கை செய்வதைவிட எல்லாவற்றிலும் வைத்துவிடுவது தொழிற்சாலைக்கு மலிவாம், வேண்டாதவன் தலையில் ஏன் அந்த விலையைக் கட்ட வேண்டும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டாதவனுக்கு வண்டி விலையில் எவ்வளவு குறைத்தார்கள் என்று கேட்டேன், காபி குடிக்க எழுந்து போய்விட்டார். மெர்சிடிஸ் வேகத்துக்கே சந்தா போட்டது தெரியுமா? 2022இல் இந்த நாட்டு மின்சார மாடல்கள் சிலவற்றுக்கு வருடம் 1,200 டாலர். மோட்டார் அதேதான், சாப்ட்வேர் பிடியைத் தளர்த்தும், அவ்வளவே.

இனி, நீ கேட்ட விஷயம், போனை வண்டித் திரையில் காட்டும் கார்பிளே. உன் பட்டியலில் முதலில் இருக்கும் செவர்லே மின்சார வண்டியில் அது கிடையாது. ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கிடையாது. செவர்லேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் 2023இலேயே இந்த முடிவை அறிவித்துவிட்டது, 2024 பிளேசர் மின்சார வண்டியிலிருந்து ஆரம்பம். டீலர் உன்னிடம் “உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது சார்” என்பார். தலையாட்டிவிடாதே. அவர் சொல்வது ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ், வண்டியிலேயே ஓடும் சிஸ்டம். நீ நினைப்பது ஆண்ட்ராய்டு ஆட்டோ. பெயரை இப்படி வைத்தவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

வித்தியாசம் சின்னதில்லை. கார்பிளேயிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கணக்கெல்லாம் போடுவது உன் போன். வண்டியின் திரை வெறும் டிவி மாதிரி, போன் அனுப்புகிற படத்தைக் காட்டும், உன் விரல் பட்ட இடத்தைத் திரும்பச் சொல்லும். மேப் போனுடையது, பாட்டு போனுடையது, டேட்டா நீ ஏற்கெனவே காசு கட்டுவது. வண்டிக்குப் பத்து வயதானாலும் போன் புதிதென்றால் திரையில் வருவதும் புதிது. இந்தக் கார்பிளேக்கும் பிஎம்டபிள்யூ 2018இல் வருடம் 80 டாலர் என்று ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. நம் வீட்டு விருந்தாளி உள்ளே வர வாசல்காரனுக்குக் கூலி!

போனும் வண்டியும் சரியாக இணையாதபோது ஓட்டுகிறவர் போனைக் கையில் எடுக்கிறார், கவனம் சிதறுகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் பக்கம் காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதே கம்பெனி 2021இல் முதலீட்டாளர்களிடம், பத்தாண்டு முடிவதற்குள் சாப்ட்வேரிலும் சேவைகளிலும் வருடம் 2,000 முதல் 2,500 கோடி டாலர் வரை வருமானம் பார்ப்போம் என்று சொன்னது. போன் திரையைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கடையை எங்கே விரிப்பது? எனக்கு இரண்டாவது காரணம்தான் நம்பும்படி இருக்கிறது.

காசுகூடப் போகட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் எப்போது பிரேக்கை அழுத்தினார்கள், எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்ற விவரமெல்லாம் தரகு நிறுவனங்கள் வழியாக இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போனதை நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் எழுதியது. பிரீமியம் ஏன் ஏறியது என்று புரியாமல் பலர் முழித்திருக்கிறார்கள். பிறகு அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்டு, ஐந்து வருடம் அந்த விவரத்தை அப்படிக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நீ வாங்கப் போவது எந்தக் கம்பெனி வண்டியானாலும், கையெழுத்துப் போடும் நாளன்று டீலரே உன் போனை வாங்கி “நான் செட்டப் பண்ணித் தருகிறேன்” என்றால் கொடுக்காதே. வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கிய பிறகு, எதற்குச் சம்மதம் என்று பார்த்து நீயே தட்டு.

அப்பாவின் பழைய பத்மினி காரில் இருந்த கேசட் பிளேயர் நினைவிருக்கிறதா? சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கி, சேலம் வந்து எலக்ட்ரீசியனை வைத்து மாட்டியது. வண்டியை விற்றபோது நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாங்கியவர் கேட்டதற்கு, “வண்டி உங்களுது, பாட்டு என்னுது” என்றார். சமையலறை அலமாரியில் பல வருடம் சுப்ரபாதம் பாடியது.

சனிக்கிழமை மூன்று காரியம் செய். போன் வயரை எடுத்துக்கொண்டு போ, விற்பவர் பக்கத்தில் இல்லாமல் நீயே இணைத்துப் பார். எது எது எந்தத் தேதியில் நிற்கும், நின்ற பிறகு மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்கு, வாய்ச்சொல் வேண்டாம். ஐந்து வருடம் கழித்து நீ விற்றால், காசு கட்டித் திறந்த வசதி வண்டியோடு போகுமா, உன் கணக்கோடு போகுமா என்றும் கேள். “வாழ்நாள் சந்தா” என்றால் யாருடைய வாழ்நாள் என்று கேட்டுவிடு. 2022இல் இங்கே 3ஜி நெட்வொர்க்கை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வண்டிகளில் அவசர அழைப்பு உட்பட எல்லாம் ஊமையாகிப் போயின.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பாய். சந்தா கட்டிவிட்டோம். பிப்ரவரியில் இன்னொரு பனி விழுந்தது, உன் மாமா சுரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கார்டை எடுத்தார். உங்கள் ஊரில் ஜூலை மாதம் குழந்தையை உட்கார வைக்கும் முன் ஏசி போட நீயும் கட்டத்தான் போகிறாய். வண்டி விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்றுதான் சொல்கிறேன்.

சனி மதியம் கூப்பிடு. அங்கே உட்கார்ந்திருக்கும்போதே கூப்பிட்டாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரில் போடு.

அன்புடன்,
அக்கா